கோல் போட்ட அப்பா: ஒரு பல்கலைக்கழகக் காற்பந்து அணியின் வரலாற்றைத் தொகுத்ததில் நேர்ந்த பிழையும் திருத்தமும்

பின்னணி

சிங்கப்பூரில் பல்கலைக்கழகக் காற்பந்து ஆடிய பழைய ஆட்டக்காரர்கள் சிலர் ஆண்டுக்கு ஒருமுறை கூடிச் சாப்பிடுவது வழக்கம். அப்படி ஒரு விருந்தில், ஆள் குறைந்துகொண்டே வருகிறது, இருப்பவர்கள் இருக்கும்போதே அணியின் வரலாற்றை எழுதி வைத்துவிட வேண்டும் என்று பேச்சு எழுந்தது. ஐந்து பேர் பொறுப்பேற்றோம். மூவர் தமிழர், ஒருவர் மலாய்க்காரர், ஒருவர் சீனர். ஐவருமே பிற்காலத்தில் ஆடியவர்கள். எழுதப்போகும் காலத்தை எங்களில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. தொகுக்கும் வேலை என்னிடம் வந்தது. ஆகவே கீழே சொல்லப்படும் பிழைகளில் பெரும்பங்கு என்னுடையது.

நோக்கம் எளிமையானது. முதல் அணியில் ஆடிய ஒவ்வொருவரின் பெயர், ஆடிய ஆண்டுகள், ஆடிய இடம், போட்ட கோல்கள், கிடைத்தால் ஒரு படம். அடுத்த விருந்துக்குள் ஒரு சிறு மலர். ஏறத்தாழ ஓர் ஆண்டு அவகாசம் இருந்தது. அது தாராளம் என்று நினைத்தோம்.

எந்த அணி, எதுவரை

முதல் தலைவலி எங்கே தொடங்குவது என்பதுதான். சிங்கப்பூரில் உயர்கல்வியின் வேர் 1905-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி. அதுவே பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரி ஆயிற்று. 1928-இல் ராஃபிள்ஸ் கல்லூரி வந்தது. இரண்டும் இணைந்து 1949 அக்டோபரில் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1959-இல் அது சிங்கப்பூர்ப் பிரிவு, கோலாலம்பூர்ப் பிரிவு என இரண்டாயிற்று. 1962 ஜனவரி முதல் இங்கிருந்தது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம். மலாயாப் பல்கலைக்கழகம் என்ற பெயர் கோலாலம்பூருக்குப் போய்விட்டது. 1980-இல் நன்யாங் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இன்றைய சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் உருவானது.

வரலாற்றுப் பாடத்தில் இது நான்கு வரி. காற்பந்துப் பதிவுகளைத் தேடுகிறவருக்கோ ஒவ்வொரு வரியும் ஒரு குழி. 1955-இல் 'மலாயாப் பல்கலைக்கழகம் வென்றது' என்று செய்தி வந்தால் அது நம் அணி. 1963-இல் அதே தலைப்பு வந்தால் அது எதிரணி. நடுவில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஊரைப் பார்க்காமல் முடிவுக்கு வர முடியாது. இது போதாதென்று, செய்தியாளர்கள் எல்லாக் காலத்திலும் 'வர்சிட்டி' என்று சுருக்கி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

1949 முதல் 1967 வரை என்று எல்லை வகுத்தோம். அதற்கு முந்தியது இரு கல்லூரிகளின் கதை, அது தனியே எழுதப்பட வேண்டியது. 1967-இல் முழுநேரத் தேசிய சேவை (கட்டாய இராணுவச் சேவை) வந்தபின் அணிக்கு வருகிறவர்களின் வயதும் மாறியது, அவர்கள் வேறு எங்கெல்லாம் ஆடினார்கள் என்பதும் மாறியது. நன்யாங் அணியை விட்டது சரியா என்று எங்கள் சீன நண்பர் கேட்டார். சீன மொழி நாளேடுகளைப் படிக்காமல் அதை எழுதக்கூடாது, படிக்க ஆள் இல்லை, ஆகவே விட்டோம். அந்தக் காரணத்தை மலரிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

கோலாலம்பூர்க் குழியை முதல் மாதத்திலேயே கண்டுகொண்டதில் எங்களுக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. பெரிய பொறியைத் தாண்டிவிட்டோம், இனி வெறும் உழைப்புதான் என்று நினைத்தோம்.

முதல் பட்டியல் உருவான விதம்

கையில் இருந்தவை மூன்று வகைச் சான்றுகள். தேசிய நூலகத்தின் மின்னிலக்க நாளேட்டுத் தொகுப்பில் கிடைத்த ஆங்கில ஆட்டச் செய்திகள். பழைய மாணவர் ஆண்டு மலர்கள் சில. மூன்று வீடுகளிலிருந்து இரவலாக வந்த படத் தொகுப்புகள். மாலை வேளைகளில் கணினி முன் அமர்ந்து ஆட்டம் ஆட்டமாகப் பதிந்தோம்: நாள், எதிரணி, முடிவு, கோல் போட்டவர். கோல் போட்டவர் என்ற கட்டத்தில் செய்தியில் இருந்த பெயரின் கடைசிச் சொல்லை இட்டு அகர வரிசைப்படுத்தினேன். கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்பது ஆங்கில வழக்கம். நானும் ஒரு தமிழன், என் பெயரின் கடைசிச் சொல் என் அப்பா பெயர் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கட்டத்தை அப்படியே வைத்தேன். பழக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

ஆறு மாதத்தில் பட்டியல் நிறைந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஒரு பெயர் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது: மூன்று பருவங்களில் 11 கோல். எங்கள் கணக்கில் அந்தக் காலகட்டத்தில் அவர்தான் முதலிடம். தமிழ்ப் பெயர். தமிழர் மூவருக்கும் மகிழ்ச்சி. அந்தப் பெயருக்கு மலரில் தனிக் கட்டம் போட்டு, எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினோம்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு குழுப் படம். 13 பேர். முதல் வரிசை நாற்காலியில், நடுவில் தலைவரின் மடியில் பந்து, பின்வரிசை நின்றபடி. ஒருவரைத் தவிர மற்றெல்லாரும் மேலங்கியும் கழுத்துப் பட்டையுமாக இருந்ததால் யார் கோல்காப்பாளர், யார் தாக்குதல் ஆட்டக்காரர் என்று உடையை வைத்துச் சொல்ல வழியில்லை. படத்தின் பின்புறம் தட்டச்சு செய்த காகிதத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதில் 11 பெயர்கள். பின்வரிசை இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டு வந்தோம். இரண்டு முகங்கள் மிஞ்சின. 'அதிகாரிகள்' என்று எழுதி முடித்தோம்.

விருந்து இரவு

மலர் 200 படிகள் அச்சாகி மேசைகளில் வைக்கப்பட்டது. எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் மகளுடன் வந்திருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, விரலை ஒவ்வொரு பெயராக நகர்த்திக்கொண்டு போனார். அந்தத் தனிக் கட்டத்தில் விரல் நின்றது. என்னை அழைத்தார்.

"தம்பி, எங்கள் அப்பாவை எப்போது அணியில் சேர்த்தீர்கள்?"

எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். மலரில் இருந்தது அவருடைய தந்தையின் பெயர். தந்தை செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்கக்கூட ஒரே ஒருமுறைதான் வந்தாராம், அதுவும் மழையில் ஆட்டம் நின்றுபோன நாள். அணியில் ஆடியவர்கள் இவரும் இவருடைய அண்ணனும். அண்ணன் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயிற்று. இருவர் பெயரும் மலரில் வேறெங்காவது இருக்கிறதா என்று தேடினோம். தம்பியின் பெயர், ஒரு கோலும் போடாதவராக, ஓர் ஆண்டு மட்டும் ஆடியவராக, மற்றொரு பக்கத்தில் இருந்தது. அண்ணன் பெயர் இல்லவே இல்லை.

பெரியவர் கோபப்படவில்லை. மேசையில் இருந்தவர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவருடைய மகள் சிரிக்கவில்லை. "பெரியப்பா பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகத்தை எப்படிக் கொடுப்பது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் காலை இன்னொரு தொலைபேசி அழைப்பு. அணியின் பழைய கோல்காப்பாளர் ஒருவரின் மனைவி. "படத்தில் உட்கார்ந்திருப்பவர் என் வீட்டுக்காரர். கீழே இருக்கும் பெயர் யாருடையது?"

பிழை எங்கே புகுந்தது

பெயர்ப் பிழையின் தடத்தைப் பின்னோக்கிப் பார்த்தோம். ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் எளிதாகும். கோவிந்தசாமி மகன் இராஜு என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழில் அவர் கோ. இராஜு. ஆங்கிலத்தில் கையெழுத்திடும்போது ஜி. இராஜு. அடையாள அட்டையில் 'இராஜு எஸ்/ஓ கோவிந்தசாமி'. இந்த மூன்றாவது வடிவம் அணிப் பட்டியலாகத் தட்டச்சாகி ஆங்கிலச் செய்தியாளர் கைக்குப் போகிறது. அவர் தம் வழக்கப்படி கடைசிச் சொல்லை எடுத்து, 'கோவிந்தசாமி இரண்டு கோல் போட்டார்' என்று எழுதிவிடுகிறார். அதே வீட்டுத் தம்பியும் அணியில் இருந்தால் அவரும் கோவிந்தசாமி. தலைப்பெழுத்து வழக்கில் அண்ணன் தம்பிக்கு எழுத்து ஒன்று, பெயர் இரண்டு. இங்கே எல்லாம் ஒரே பெயராகச் சுருண்டுவிடுகிறது. செய்தியாளர் செய்த வேலையை அறுபது ஆண்டு கழித்து என் அட்டவணைக் கட்டம் உறுதிப்படுத்தியது.

எங்கள் மலாய் நண்பர் இதைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். மலாய்ப் பெயர்களில் 'பின்' (மகன்) என்பதற்குப் பிறகு வருவது தந்தை பெயர், ஆகவே தம் ஆட்களையும் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தால் அங்கும் அப்படி இருவர். சீன நண்பர் பக்கம் கதை தலைகீழ்: குடும்பப் பெயர் முதலில் வருவதால் கடைசிச் சொல்லை எடுத்தால் ஆளின் சொந்தப் பெயரில் பாதிதான் கிடைக்கும். ஹொக்கியன் பேசும் வீட்டில் டான், கான்டனீஸ் வீட்டில் சான், மாண்டரினில் சென், சீன எழுத்து ஒன்றுதான். ஆக, ஒரே கட்டம் மூன்று சமூகத்தையும் மூன்று விதமாகக் குழப்பியிருந்தது.

எழுத்துக்கூட்டலும் தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டது. தேசிய அணியில் ஆடிய புகழ்பெற்ற வி. சுந்தரமூர்த்தியின் பெயரையே ஆங்கில ஏடுகள் ஒரே சொல்லாகவும் இரண்டாகப் பிரித்தும் எழுதியிருக்கின்றன. அவருக்கே அந்த நிலை என்றால் பல்கலைக்கழக ஆட்டக்காரருக்குக் கேட்கவே வேண்டாம். எங்கள் பட்டியலில் ஒருவர் மூன்று ஆட்களாகப் பிரிந்து, ஆளுக்கொரு கோலுடன் நின்றிருந்தார்.

படத்தின் குழப்பம் வேறு. அதை அவிழ்த்தவர் மலாய் நண்பர். காகிதத் துண்டிலிருந்த பெயர் வரிசையை அதே பருவத்து ஆட்டச் செய்தி ஒன்றோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றாக இருந்தன. அந்தக் காலத்தில் அணியை எழுதும் முறை அது: முதலில் கோல்காப்பாளர், அடுத்து பின்களத்தில் இருவர், நடுவில் மூவர், கடைசியாக முன்களத்தில் ஐவர், வலமிருந்து இடமாக. படத்தில் யார் எங்கே உட்கார்ந்தார் என்பதற்கும் அந்த வரிசைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆடுகளத்தில் நின்ற வரிசையை நாங்கள் நாற்காலி வரிசை என்று படித்துவிட்டோம். இடது ஓரத்தில் நின்ற யாரோ கோல்காப்பாளர் ஆகிவிட, உண்மையான கோல்காப்பாளர் முன்களத்துக்குப் போயிருந்தார்.

எடுத்த முடிவுகள்

மலரைத் திரும்பப் பெறுவதா என்று ஓர் இரவு முழுதும் வாதம். அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்றார் ஒருவர். நான் மறுத்தேன். அச்சில் வந்துவிட்டதை நாளை வேறொருவர் மேற்கோள் காட்டுவார், அப்போது பிழை இன்னும் ஒரு தலைமுறை வாழும். கொடுக்காமல் இருந்த படிகளை நிறுத்திவைத்தோம். வாங்கிப்போனவர்கள் எல்லாருக்கும் என்ன தவறு, யாருடைய தவறு என்று ஒரு பக்கக் கடிதம் அனுப்பினோம். இரு குடும்பங்களுக்கும் நேரில் போனோம். நேரில் போனதுதான் பிறகு எல்லாவற்றுக்கும் வழிவிட்டது.

கோல் கணக்கை முழுவதும் எடுத்துவிட வேண்டும் என்று முதலில் நினைத்தேன். அது கோழைத்தனம் என்றார் சீன நண்பர். தெரிந்ததை மறைப்பதும் பிழைதான். ஆகவே ஒரு விதி வைத்தோம்: எழுத்துச் சான்று இருந்தால் மட்டுமே எண், நினைவு தனியே எண்ணாகாது, ஆனால் நினைவு என்று சொல்லி அடிக்குறிப்பில் இடம் பெறும்.

படத்தைப் பெரிதாக்கி, முகங்களுக்கு எண் இட்டு, அந்தக் காலத்து ஆட்டக்காரர் நால்வரிடம் தனித்தனியாகக் கொண்டுபோனோம். ஒன்றாக உட்காரவைத்தால் குரல் ஓங்கியவர் சொல்வதே சான்றாகிவிடும் என்பதால்தான் தனித்தனி. கேள்வியையும் மாற்றினோம். "இவர் பெயர் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டபோது தயங்கியவர்கள், "இவர் யார் பிள்ளை ஐயா, எந்தப் பக்கத்து ஆள்?" என்று தமிழில் கேட்டதும் மடை திறந்தாற்போலப் பேசினார்கள். தேக்காவில் எந்தக் கடைக்குப் பின்னால் வீடு, எந்தப் பள்ளியில் படித்தவர், தங்கை யாருக்கு வாழ்க்கைப்பட்டார் என்றெல்லாம் வந்த பிறகு பெயர் தானாக வந்து சேர்ந்தது.

விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்களையும் பார்த்தோம். 1935-இல் தொடங்கிய நாளேடு அது. முதல் முறை அதைப் பார்க்காமல் விட்டதற்குச் சோம்பல்தான் காரணம். எங்கள் அணியைப் பற்றிக் கிடைத்த செய்திகள் மிகச் சிலவே. ஆனால் அவற்றில் தலைப்பெழுத்து தலைப்பெழுத்தாகவும் பெயர் பெயராகவும் இருந்தன. அண்ணனின் பெயரை அச்சில் முதன்முதலாக அங்கேதான் கண்டோம்.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த நாள், இருப்பிடம் இரண்டையும் நீக்கினோம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நினைவுக்கு வந்தது உண்மை. அதைவிட, யாரும் எங்களிடம் அவற்றைப் போடச் சொல்லவே இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

பின்விளைவு

படத்தில் ஒன்பது முகங்களில் நால்வரும் ஒத்துப்போனார்கள். கோல்காப்பாளர் அதில் ஒருவர். இரண்டு முகங்களில் கருத்து வேறுபாடு தீரவில்லை. இரு பெயரையும் போட்டோம். நாங்கள் 'அதிகாரி' ஆக்கியிருந்த இருவரில் ஒருவர் மாற்று ஆட்டக்காரர். மேலங்கி இல்லாத மற்றவர் புக்கிட் தீமா வளாகத் திடலில் புல் வெட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டியவர். தமிழர். படம் எடுப்பவர் வந்தபோது தலைவர் அவரைக் கூப்பிட்டு ஓரத்தில் நிற்கவைத்தாராம். நால்வருக்கும் அவர் முகம் தெரிகிறது, அவர் போட்ட தேநீரின் ருசிகூட ஒருவருக்கு நினைவிருக்கிறது. "அண்ணே என்றுதான் கூப்பிடுவோம்" என்றார்கள். பெயர் கிடைக்கவில்லை. திருத்திய படத்தில் 13-ஆம் எண்ணுக்கு நேரே அவர் செய்த வேலை மட்டும் இருக்கிறது.

கோல் கணக்கைப் பிரித்துப் பார்த்தோம். 11-இல் மூன்று, தம்பி பல்கலைக்கழகத்துக்கு வருவதற்கு முந்திய பருவத்தில் விழுந்தவை, அவை அண்ணனுடையவை. இரண்டு செய்திகளில் செய்தியாளர் 'இளையவர்' என்று சேர்த்திருந்தார், அவை தம்பியுடையவை. மிச்சம் ஆறு. இருவரும் ஒரே முன்களத்தில் ஆடிய பருவங்கள் அவை.

ஆறையும் பற்றிப் பெரியவரிடம் கேட்டோம். அவருக்கு எல்லாமே நினைவிருந்தது, அல்லது இருப்பதாகத் தோன்றியது. ஆனால் பிரித்துச் சொல்ல மறுத்துவிட்டார். "அண்ணன் இல்லாத நேரத்தில் நான் பங்கு பிரிக்க மாட்டேன்" என்றார். திருத்திய பட்டியலில் அண்ணனுக்கு மூன்று, தம்பிக்கு இரண்டு, 'சகோதரர் இருவரில் ஒருவர்' என்ற வரியில் ஆறு என்று அச்சிட்டோம். அதிக கோல் போட்டவர் என்ற தனிக் கட்டம் போய்விட்டது. தந்தையின் பெயரை நீக்க வேண்டுமா என்று கேட்டபோது மட்டும் வேண்டாம் என்று அவசரமாகத் தலையாட்டினார். தலைப்பெழுத்தாகச் சுருக்காமல் முழுதாகப் போடச் சொன்னார். அதையே எல்லாத் தமிழ், மலாய் ஆட்டக்காரர்களுக்கும் முறையாக்கிவிட்டோம்: தந்தை பெயர் முழுதாக முன்னால், ஆட்டக்காரர் பெயர் தடித்த எழுத்தில் பின்னால்.

மீண்டும் தொடங்கினால்

அச்சுக்கு முந்திய படியை மூத்தவர்கள் மூவர் கையிலாவது கொடுத்திருப்பேன். ஒரு மாலை போதும், அப்பா பிடிபட்டிருப்பார். விருந்து நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் அந்த ஒரு மாலையைத்தான் மிச்சம் பிடித்தோம்.

அட்டவணையில் பெயருக்கு ஒரே கட்டம் வைத்திருக்க மாட்டேன். சான்றில் கண்டபடி ஒன்று, அவருடைய சொந்தப் பெயர் ஒன்று, தந்தை அல்லது குடும்பப் பெயர் ஒன்று, தாய்மொழி எழுத்தில் ஒன்று. சான்றில் கண்டதை ஒருபோதும் அழிக்கக்கூடாது; அது தவறாக இருந்தாலும், பிழை எங்கே புகுந்தது என்று காட்ட அது ஒன்றுதான் இருக்கிறது. பேட்டிகளை ஒலிப்பதிவு செய்திருப்பேன். முதல் சுற்றில் குறிப்பேட்டில் கிறுக்கியதோடு விட்டதால் ஒருவர் சொன்னதை இன்னொரு முறை கேட்டுச் சரிபார்க்க முடியவில்லை. அவர் இப்போது இல்லை.

திருத்திய படியைப் பெரியவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலை நகர்த்தி, அந்த ஆறில் நிறுத்தினார். அதில் ஒரு கோல் அண்ணன் உதைத்து எதிரணிப் பின்களக்காரர் முழங்காலில் பட்டு உள்ளே போனது, அது எங்கள் கணக்கிலேயே வராது, கழித்துவிடுங்கள் என்றார். அது நினைவு மட்டுமே, எழுத்துச் சான்று இல்லை, விதிப்படி எண்ணை மாற்ற முடியாது ஐயா என்றேன். ஆறு ஆறாகவே இருக்கிறது. முழங்கால் அடிக்குறிப்பில் இருக்கிறது.